ஒரே ஆள், இரண்டு பொட்டாசியம்

என் மச்சான் தன் சிறுநீரகத்தைத் தரப்போகும் செய்தியை எங்களிடம் சொல்வதற்கு முன்பே, நடைப்பயிற்சியாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொல்லிவிட்டார். அதைப் பெற்றுக்கொள்ள வேண்டியவள் என் மனைவி. அவருடைய ஒரே அக்கா. அவளுக்கு விஷயம் மூன்றாம் நாள் மாடி வீட்டுக்காரர் மூலமாகத்தான் வந்து சேர்ந்தது.

"உங்க தம்பி பெரிய தியாகிம்மா" என்று அவர் வாசலில் நின்று உருகினார்.

"ஏன், யாருக்கு என்ன குடுத்தான்?"

"உங்களுக்குத்தாம்மா. கிட்னி!"

உடனே தம்பியை ஃபோனில் பிடித்தாள். "டேய், என் வயித்துக்குள்ள வைக்கப்போறத ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எனக்கு மட்டும் சொல்லலியே?"

"உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான்க்கா..."

"கிட்னியில என்னடா சர்ப்ரைஸ்?"

மச்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மண்டல மேலாளர். நான்கு சங்கங்களுக்குத் தலைவர், ஐந்தாவதற்குப் புரவலர். பெண்டாட்டி பிள்ளைகளைத் தவிர மற்ற எல்லோரும் அவரைத் 'தலைவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்தொன்று. தினமும் ஆறு கிலோமீட்டர் நடப்பார். அதைப் பற்றி ஏழு கிலோமீட்டருக்குப் பேசுவார். அவர் கை குலுக்க வருகிறார் என்றால் மோதிரம் போட்டவர்கள் மெல்ல நழுவுவார்கள், அப்படி ஒரு இரும்புப் பிடி. பேசும்போதும் அந்தக் கை சும்மா இருக்காது. வாக்கியத்துக்கு ஒரு தடவை முஷ்டி இறுகும், விரியும், மறுபடி இறுகும். கேட்பவருக்கு, தன் தலைமேல் யாரோ முத்திரை குத்திக்கொண்டே இருப்பதுபோல இருக்கும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பெரிய மனிதர்களைக் கதவைப் பிளந்து இறக்கிவிடுவது முப்பது வருஷமாக என் பிழைப்பு. அந்தக் கோலத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் யாரையும் அண்ணாந்து பார்க்க வராது. மச்சானை மட்டும் விதிவிலக்காக வைத்ததில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் வாயைப் பொத்திக்கொண்டேன். காரணம், என் ரத்த வகை அவளுக்குச் சேரவில்லை. அவருடையது சேர்ந்தது, திசுவும் பொருந்தியது. என்னால் ஆகாத ஒன்றை அவர் செய்ய வருகிறார். மைக்கோடு வந்தால்தான் என்ன?

என் மனைவி தையற்காரி. மூன்று வருஷமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் படுத்துவிட்டு வந்து மிச்ச நேரத்தில் சட்டை தைப்பாள். எங்கள் வீட்டில் பொட்டாசியம் என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள யாரும் படிக்க வேண்டியதில்லை. நல்ல சிறுநீரகம் அதை வேண்டிய அளவுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். கெட்ட சிறுநீரகம் தள்ளாது. ரத்தத்தில் அது மூன்றரையிலிருந்து ஐந்து வரை இருக்கலாம். ஆறைத் தாண்டினால் டாக்டர் முகம் மாறும். ஏழைத் தாண்டினால் இதயம் எந்த நிமிஷமும் வேலைநிறுத்தம் செய்யலாம்.

போன வருஷம் அவளுக்கு ஏழு புள்ளி நான்கு வந்தது. காலர் வெட்டிக்கொண்டிருந்தவள், "என்னங்க, கால் ரெண்டும் என்னுது இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். கத்தரிக்கோலைக் கீழே வைக்கக்கூட விரலில் தெம்பில்லை. அன்று ஆம்புலன்ஸில் அவள் நெஞ்சில் ஒட்டிய கம்பிகளுக்கு அந்தப்பக்கம் ஓடிய கோட்டை நான் பார்த்துக்கொண்டே போனேன். தாறுமாறாக ஓடும் லிஃப்ட் கயிற்றைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடு அதைவிட மோசம்.

இப்போது வேறொரு சிக்கல். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது கையில் தயார் பண்ணிவைத்த ரத்தக்குழாய் இரண்டு தடவை அடைத்துவிட்டது. "இன்னொரு தடவை அடைச்சா வேற எடம் தேடணும். வேற எடம் அதிகம் இல்ல" என்றார்கள். காத்திருப்போர் பட்டியலில் அவள் எண்ணைச் சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள். ஆக மொத்தம், மச்சானின் சிறுநீரகம் ஒன்றுதான் வழி.

மச்சானுக்குப் பரிசோதனைகள் ஆரம்பித்தன. கீழ்த்தளத்தில் எல்லோரும் டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்து ரத்தம் கொடுக்கும் கூடம் ஒன்று இருக்கிறது. மச்சான் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "நான் கண்டவங்ககிட்ட கைய நீட்டுறதில்ல" என்றார். மருத்துவமனையும் இப்படிப்பட்டவர்களுக்கென்றே மூன்றாம் மாடியில் சோபா போட்ட சிறப்பு அறை ஒன்றை வைத்திருந்தது. அங்கே ரத்தம் எடுக்க டாக்டர்களே வருவார்கள். துணைக்குப் போன நானும் பக்கத்தில் நிற்க, இரண்டு இளம் டாக்டர்கள் வந்தார்கள். ஒருவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார். "சார், கைய நல்லா மூடித் திறங்க" என்றார்.

மச்சானிடம் இதைச் சொல்லலாமா? சட்டைக் கையை மடித்துவிட்டு ஆரம்பித்தார். மூடினார், திறந்தார். கூடவே உறுப்பு தானத்தின் மகத்துவம் பற்றி ஒரு உரை. இரண்டு டாக்டர்களும் ஊசியைப் பிடித்துக்கொண்டு, பெரிய மனிதரை இடைமறிப்பது எப்படி என்று தெரியாமல் தலையாட்டிக்கொண்டு நின்றார்கள். கட்டிய பட்டை கட்டியபடியே இருந்தது.

பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்று.

பெரிய டாக்டர், அதாவது சிறுநீரகப் பிரிவின் தலைவர், மச்சானுக்கு வாழைப்பழம், தக்காளி, ஆரஞ்சு, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தினார். பத்து நாள் கழித்து மறுபடி எடுத்தார்கள், அதே மூன்றாம் மாடி, அதே சோபா. ஐந்து புள்ளி ஒன்பது. இன்னும் பத்து நாள் பத்தியம். ஆறு புள்ளி மூன்று.

மற்றதெல்லாம் சரியாக இருந்தது. இதயக் கோடு கோயில் கோபுரம் மாதிரி ஒழுங்காக வந்தது. சிறுநீரகம் வேலை செய்யும் அளவும் அற்புதம். பொட்டாசியம் மட்டும் இறங்க மாட்டேன் என்றது.

சாதாரண டாக்டராக இருந்தால் இந்த இடத்தில் தலையைச் சொறிந்திருப்பார். எங்கள் பெரிய டாக்டருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "இது ரொம்ப அபூர்வமான கண்டிஷன்" என்றார். "சிறுநீரகத்துக்குள்ள பொட்டாசியத்த வெளியேத்துற எடத்துல பிறவியிலேயே ஒரு கோளாறு. லட்சத்துல ஒருத்தருக்கு இருக்கும். என் சர்வீஸ்லயே இதுதான் முதல் கேஸ். அடுத்த மாநாட்டுல நான் இத வெச்சுப் பேசலாம்னு இருக்கேன்."

"அப்ப கிட்னி?" என்று கேட்டேன்.

"கோளாறு இருக்குற கிட்னிய எடுத்து இன்னொருத்தருக்கு எப்படி வைக்கிறது? புதன்கிழமை கமிட்டி கூடுது. பெரும்பாலும் ஃபைல மூடிடுவோம்."

மச்சான் இடிந்துபோனார். கண் கலங்கியது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அன்று மாலையே அவருடைய சங்கத்து உறுப்பினர் ஒருவர் எனக்கு ஃபோன் செய்து, "தலைவருக்கு லட்சத்துல ஒருத்தருக்கு வர்றது வந்திருக்காமே!" என்றார். குரலில் பாதி துக்கம், பாதி வாழ்த்து.

என் மனைவி மட்டும் நம்பவில்லை. தம்பியை எதிரே நிற்க வைத்து மேலும் கீழும் பார்த்தாள்.

"கால் கனக்குதா?"

"இல்லக்கா."

"உதடு மரமரங்குதா?"

"இல்ல."

"இன்னிக்கு எவ்வளவு நடந்த?"

"ஆறு கிலோமீட்டர். வேகமா."

"எனக்கு ஆறரை இருந்தப்போ சுவத்தப் புடிச்சிக்கிட்டுதான் அடுப்படிக்கே போனேன். இவனுக்கு ஆறு புள்ளி மூணாம், ரோட்டுல குதிர மாதிரி ஓடுறானாம்." என் பக்கம் திரும்பினாள். "என்னங்க, இது பொய்க் கணக்குங்க."

"மெஷின் பொய் சொல்லுமா?" என்றேன்.

"நீங்க ரிப்பேருக்குப் போற லிஃப்ட் எல்லாம் மெஷின்தானே?"



திங்கட்கிழமை அவளுக்கு மாதாந்திர ரத்தப் பரிசோதனை. கீழ்த்தளத்தில் அவளுக்கு மூன்று வருஷமாக ரத்தம் எடுப்பவர் ஒரு அம்மாள். இருபத்திரண்டு வருஷ அனுபவம். மருத்துவமனையில் அவருக்குக் 'கொசு' என்று பெயர். கொசு கடித்தாலாவது அப்புறம் அரிக்கும், இவர் குத்தினால் அதுவும் கிடையாது என்பது பெயர்க்காரணம். அவருக்கே அந்தப் பெயர் பிடித்திருந்தது. பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். நோயாளிகள் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டால், "சிஸ்டர் அங்க வார்டுல இருப்பாங்க. நான் டெக்னீஷியன்" என்று திருத்திவிட்டுத்தான் ஊசியை எடுப்பார்.

என் மனைவி தம்பி கதையைச் சொன்னாள். கொசு குழாயில் லேபிள் ஒட்டிக்கொண்டே கேட்டார். மூன்று எண்களையும் சொன்னதும் ஒட்டுவதை நிறுத்தினார்.

"யார் எடுத்தா?"

"மேல, டாக்டருங்க."

"கைய மூடித் திறக்கச் சொன்னாங்களா?"

"சொன்னாங்களாவா? அவன் சொல்லாமலே பண்ணுவான்" என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

நான் அந்த உரையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். "உறுப்பு தானத்துல ஆரம்பிச்சு மனிதகுலம் வரைக்கும் வந்தார். நாலு நிமிஷம் இருக்கும்."

"பட்டை கட்டியிருந்துச்சா அப்போ?"

"கட்டித்தான் இருந்துச்சு."

கொசு சிரிக்கவில்லை. "பொட்டாசியம் ரத்தத்துல இருக்குறது கொஞ்சம்தான்மா. மிச்சமெல்லாம் சதைக்குள்ள இருக்கு. பட்டையைக் கட்டிட்டு முஷ்டியப் போட்டு இறுக்கினா, கைச் சதையில இருக்குறது அந்த எடத்து ரத்தத்துல வந்து இறங்கிடும். நாங்க ஊசி போடுறதும் அதே எடம். உடம்பு பூரா நாலு இருக்கும், அந்தக் கையில மட்டும் ஆறு இருக்கும். அவரைக் கூட்டிட்டு வாங்க. நான் பாக்குறேன்."

மச்சான் வர மறுத்தார். "பெரிய டாக்டரே சொல்லிட்டார். கீழ போய் யார்கிட்டயோ..." என்று இழுத்தார். என் மனைவி ஃபோனை வாங்கினாள்.

"டேய், நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வரிசையில நிக்கற. டோக்கன நான் எடுத்து வைக்கிறேன்."

"அக்கா, என் பொசிஷன்..."

"உன் பொசிஷன் வரிசையில பதினாலாவது."

வந்தார். நாற்பது பேருக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில், யாராவது தன்னை அடையாளம் கண்டுகொள்வார்களோ என்ற பயத்தோடும், யாருமே கண்டுகொள்ளவில்லையே என்ற வருத்தத்தோடும் உட்கார்ந்திருந்தார். முறை வந்தது.

"வணக்கம் சிஸ்டர்" என்று கை நீட்டினார், குலுக்குவதற்கு.

"டெக்னீஷியன்" என்றார் கொசு. நீட்டிய கையைப் பிடித்து மேஜைமேல் மல்லாத்தி வைத்தார். "இப்படியே விடுங்க. மூடாதீங்க."

மூடிக்கொண்டது.

"மூடாதீங்க சார்."

"நான் மூடலீங்க, அது தானா..."

உண்மையாகவே பாவமாக இருந்தது. ஐம்பத்தொரு வருஷமாக இறுக்கியே பழகிய கை. விரலைப் பிரித்து வைத்தால், அவர் மூச்சு விடுவதற்குள் மறுபடி மடங்கியது. கொசு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மச்சானின் மூக்கிலிருந்த தங்க ஃபிரேம் கண்ணாடியைக் கழற்றி, விரித்த உள்ளங்கையில் வைத்தார்.

"இப்ப மூடுங்க, பாப்போம்."

மச்சான் தன் கையையே கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒரு விரல் அசையவில்லை. கொசு பட்டையைக்கூடக் கட்டவில்லை. "இவ்வளவு நல்ல நரம்புக்குப் பட்டை எதுக்கு? தண்ணிக் குழாய் மாதிரி இருக்கு" என்றவர் பஞ்சை எடுத்தார். மச்சான், "எப்ப குத்துவீங்க?" என்று கேட்டபோது பஞ்சை ஒட்டி முடித்திருந்தார்.

மத்தியானம் ரிசல்ட் வந்தது. நான்கு புள்ளி இரண்டு.

அந்தக் காகிதத்தை என் மனைவி நான்கு தடவை படித்தாள். அப்புறம் மடித்துப் பையில் வைத்தாள். அப்புறம் மறுபடி எடுத்துப் படித்தாள். சத்தமாகப் படித்தால் எண் கலைந்துவிடும் என்று பயந்தாளோ என்னவோ.

புதன்கிழமை கமிட்டி அறைக்கு வெளியே நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். காகிதத்தை உள்ளே அனுப்பியிருந்தோம். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார்கள். நீள மேஜை. நடுவில் பெரிய டாக்டர், பக்கத்தில் அறுவை சிகிச்சை செய்யப்போகும் பெண் டாக்டர், இன்னும் இரண்டு பேர். பெரிய டாக்டர் எங்கள் காகிதத்தைப் பூச்சியைப் பிடிப்பதுபோல நுனியில் பிடித்திருந்தார்.

"மூணு தடவை என் டாக்டர்கள் எடுத்திருக்காங்க. மூணும் ஹை. கீழ ஒரு தடவை எடுத்து நார்மல்னு வருது. மூணு பெருசா, ஒண்ணு பெருசா? எனக்கென்னமோ கீழ லேபிள் மாறியிருக்கும்னு தோணுது. கூட்டத்துல அதெல்லாம் சகஜம்."

பெண் டாக்டர், "எடுத்தவங்களையே கூப்பிட்டுக் கேட்டுடலாமே சார்" என்றார்.

கொசு வந்தார். கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"லேபிள் மாறியிருக்க வாய்ப்பிருக்கா?"

"இல்ல சார்."

"அவ்வளவு உறுதியாச் சொல்ல முடியுமா?"

"பேஷன்ட் எதிர்ல இருக்கும்போதே, பேரக் கேட்டு, நானே ஒட்டுவேன். இருபத்திரண்டு வருஷமா ஒரு குழாய்ல பேர் மாறினதில்ல. நாள் ஒண்ணுக்கு அறுபது பேர். கணக்கு நீங்களே போட்டுக்கங்க."

"நான் கேக்குறது அதில்லம்மா. மூணு டாக்டர் ரிசல்ட்ட..."

"சார்" என்றார் கொசு. குரல் உயரவில்லை. "நான் சொல்றத நம்ப வேண்டாம். அவங்க எடுத்ததையும் நம்ப வேண்டாம். இவர் இங்கதான் இருக்கார், கை ரெண்டு இருக்கு. வலது கையில மூணாவது மாடியில எப்படி எடுத்தீங்களோ அப்படியே உங்க டாக்டர் எடுக்கட்டும். இடது கையில அதே நேரத்துல நான் எடுக்கிறேன். ஒரே ஆளு, ஒரே நிமிஷம். இவருக்கு நிஜமாவே ஆறு இருந்தா ரெண்டு கையிலயும் ஆறு வரணும்."

அறையில் யாரும் அசையவில்லை. லிஃப்ட் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் முதல் பத்து விநாடி இப்படித்தான் இருப்பார்கள். முதலில் அலாரத்தை அழுத்துபவர் தாழ்ந்துவிடுவாரோ என்று ஒவ்வொருவரும் காத்திருப்பார்கள்.

"ரெண்டு குழாய் ரத்தம்தானே. பண்ணிப் பாத்துடலாம் சார்" என்று அழுத்தியவர் பெண் டாக்டர். அவரே இரண்டு லேபிள் எழுதினார். வலது, இடது.

மச்சானை நடுவில் உட்கார வைத்தார்கள். வலது பக்கம் இளம் டாக்டர் பட்டையைக் கட்டினார். இடது பக்கம் கொசு உள்ளங்கையில் கண்ணாடியை வைத்தார்.

"ஆரம்பிங்க சார்" என்றார் கொசு. "அன்னிக்குப் பேசின மாதிரியே பேசுங்க."

"என்ன பேச?"

என் மச்சான் வாழ்க்கையில் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"உறுப்பு தானம்" என்று எடுத்துக்கொடுத்தேன்.

"ஆங்... ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் செய்யக்கூடிய..." என்று தொடங்கினார். வலது முஷ்டி இறுகியது, விரிந்தது. மூன்றாவது வாக்கியத்தில் பழைய வேகம் வந்துவிட்டது. அப்போது இடது கைவிரலும் கூடவே மடங்கப் பார்த்தது. கொசு தன் சுண்டுவிரலால் கண்ணாடிக் கம்பியை லேசாகத் தட்டினார்.

"சார், வலது கை தலைவரா இருக்கட்டும். இடது கை சும்மா கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கட்டும்."

மேஜைக்கு அந்தப்பக்கம் யாரோ இருமினார்கள். இருமல் மாதிரி இல்லை.

மூன்று நிமிஷம் போனது. "எடுங்க" என்றார் பெண் டாக்டர். இரண்டு ஊசியும் ஒரே நேரத்தில் ஏறின. வலது பக்கம் மச்சான் முகம் சுளித்தார். இடது பக்கத்துக்குச் சுளிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ரிசல்ட் வர நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தில் என் மனைவி ஒரு பட்டனைப் பிய்த்துத் திருப்பித் தைத்தாள். கைப்பையில் ஊசி நூல் எப்போதும் இருக்கும். பட்டனில் ஒரு குறையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மச்சான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நூல்கண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளைப் படித்தேன். பதினோரு விதிகள்.

பெண் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி படித்தார். "வலது, ஆறு புள்ளி இரண்டு." அடுத்த வரிக்கு இறங்கினார். "இடது, நான்கு புள்ளி ஒண்ணு."

ஒரே ஆள். ஒரே நிமிஷம்.

பெரிய டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு, "ம்... எனக்கும் ஆரம்பத்துலேருந்து உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டேதான் இருந்தது" என்றார்.

அவருடைய மாநாட்டு உரை அந்த மேஜையில் எங்கள் கண்ணெதிரே உயிரை விட்டது. நியாயமாகச் சொன்னால் அவர் அதை மரியாதையோடு வழியனுப்பினார். கோப்பைத் திறந்தார், மூன்று பழைய எண்களின்மேலும் கோடு கிழித்தார், கையெழுத்துப் போட்டார். இளம் டாக்டர்களைப் பார்த்து, "நாளையிலேருந்து ஒரு வாரம் ரெண்டு பேரும் கீழ. இவங்ககிட்ட" என்றார். பிறகு கொசுவைப் பார்த்து, "இந்த விஷயத்தப் புத்தகத்துல நான் படிச்சிருக்கேன்மா. எதிர்ல வந்து நின்னப்போ தெரியல" என்றார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டமான வாக்கியம் என்று அவர் காது சிவந்ததில் தெரிந்தது.

"எங்களுக்குப் புத்தகத்துல இருக்குன்னே தெரியாது சார். கைகளப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டோம்" என்றார் கொசு. "நான் போலாமா? வரிசை நிக்குது."

போகும்போது அவர் நடந்த நடையை நான் பார்த்தேன். சாதாரணமாகத்தான் நடந்தார். ஆனால் அந்த அறையில் இருந்த எல்லோரும் தங்களுக்குத் தெரியாமலே எழுந்து நின்றிருந்தார்கள். பெரிய டாக்டர் உள்பட.

மச்சான் மட்டும் இன்னும் உட்கார்ந்திருந்தார். "அப்போ..." என்றார். "எனக்கு அந்த அபூர்வமான கோளாறு?"

"ஒண்ணும் இல்லடா" என்றாள் அக்கா.

"லட்சத்துல ஒருத்தர்..."

"லட்சத்துல மிச்ச எல்லார் மாதிரியும்தான் நீ. சாதாரண ஆளு. சாதாரண கிட்னி." அவர் மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டாள். "எனக்கு அதுதான்டா வேணும்."

அப்போதுதான் அவருக்கு விஷயம் முழுதாக இறங்கியது. அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். சத்தமாகத்தான். சின்னதாக எதையும் செய்யத் தெரியாத மனிதர்.

மூன்று வாரம் கழித்து, காலை ஏழரைக்கு அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். பச்சை அங்கியில், வாட்ச் இல்லாமல், பேட்ஜ் இல்லாமல், தலைமுடிக்குப் பிளாஸ்டிக் தொப்பியோடு அவர் யார் மாதிரி வேண்டுமானாலும் இருந்தார். என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"மாமா, பயமா இருக்கு. அக்காகிட்ட சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

"சங்கத்துலயும்."

"அங்க நான் எதுக்குப் போறேன்?"

"வேண்டாம்னு தோணுதான்னு கேக்காதீங்க. அதெல்லாம் இல்ல. பயம் மட்டும்தான்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதவு வரை நடந்தேன். எத்தனையோ வருஷமாக நான் கிண்டல் செய்த மனிதர். பயத்தோடு, ஓடிப்போகாமல், மல்லாந்து படுத்துக்கொண்டு போகிறார். நான் கதவைப் பிளந்து இறக்கிவிட்ட பெரிய மனிதர்களில் ஒருத்தர்கூட இந்த அழகில் இருந்ததில்லை. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் தாங்க முடியாது என்று விட்டுவிட்டேன். அவரால் இல்லை, என்னால்.

பெண் டாக்டர் மத்தியானம் வெளியே வந்தார். முகமூடியை இறக்கினார். "வெச்சு, ரத்தம் விட்டதும் ரோஸ் கலர் ஆயிடுச்சு. டேபிள் மேலயே சிறுநீர் வர ஆரம்பிச்சிடுச்சு" என்றார்.

மூன்று வருஷமாக என் மனைவி சிறுநீர் கழித்ததில்லை. இதை அனுபவிக்காதவர்களுக்கு விளக்க முடியாது. படுக்கை ஓரத்தில் தொங்கிய பையில் மஞ்சளாக ஏறிக்கொண்டிருந்ததைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்தேன். நர்ஸ் ஒரு மணிக்கு ஒரு தடவை அளந்து, விரலில் காட்டினார். நான்கு விரல். நானூறு மில்லி. அடுத்த மணியில் நான்கு விரலும் ஒரு அரை விரலும்.

மச்சான் வேறு வார்டில் மயக்கம் தெளிந்து, வலியோடு, வாய் குழற, "எவ்வளவு?" என்று கேட்டார். "நானூத்தி அம்பது" என்றேன். "மணிக்கா?" என்றார். "மணிக்கு." கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் சிரித்தபடியே இருந்தது.

அவருக்குத் தண்ணீர் பாட்டில் வாங்க லிஃப்டில் ஏறினேன். உள்ளே கோட்டு சூட்டோடு, கையில் தோல் பையோடு, ரொம்பப் பெரிய ஆள் மாதிரி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முன்பின் பார்த்ததில்லை. கதவு மூடியதும் அவர் பக்கம் திரும்பினேன்.

"என் பொண்டாட்டி மணிக்கு நானூத்தி அம்பது மில்லி ஒண்ணுக்குப் போறா சார்" என்றேன்.

அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"மச்சான் கிட்னி" என்றேன். "சாதாரண கிட்னிதான். ஆனா என்ன வேலை செய்யுதுங்கறீங்க!"

அடுத்த மாடியில் கதவு திறந்ததும் அவர் இறங்கிவிட்டார். அது அவர் போக வேண்டிய மாடி இல்லை என்று எனக்குத் தெரியும். தரைத்தளத்துக்கான பொத்தான் அவர் அழுத்தியதுதான். பரவாயில்லை. அங்கே புதிதாக மூன்று பேர் ஏறினார்கள்.